சுத்தமான குடுவை

யெல்கவாவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
ஆய்வகத்தின் கடைக்கோடித் தொட்டிக்கு மேலே
ஒற்றைக் குழல்விளக்கு. அது என்னுடையது.

கேரட்டும் பசலைக்கீரையும் மசித்த புட்டி,
ஆறு மாதம் முடிந்த வாய்க்கு.
உப்பில்லை, இனிப்பில்லை என்கிறது ஒட்டுச்சீட்டு.
வயலில் போட்ட உரம் இலைக்குள் ஏறிக்கொண்டதை
எந்தச் சீட்டும் சொல்லாது.
அதற்கு விஸ்மா இருக்கிறாள்.

வெந்நீரில் கலக்கி, வடிகட்டி,
காட்மியக் குழாயில் சொட்டுச் சொட்டாய் இறக்குவாள்.
நைட்ரேட்டாகப் போவது நைட்ரைட்டாக வரும்.
பிறகு மருந்து.
நிறத்துக்குக் காத்திருக்கும் நிமிடங்களில்
யாரோடும் பேசமாட்டாள்.

இளஞ்சிவப்பு,
பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போல.
பார்க்க அத்தனை அழகு.
இங்கே சிவந்தால் தொட்டிலில் நீலம்.
இரத்தம் மூச்சைச் சுமக்க மறந்துபோகுமாம்,
முதலில் உதட்டில் தெரியுமாம்.

இருநூறு வரை போகலாம்.
வந்தது இருநூற்றுப் பதினெட்டு.

விஸ்மா திரையைப் பார்த்தாள், அப்புறம் என்னை.
"ஸ்கைத்ரா, குடுவைகளை எதில் ஊறவைத்தாய்?"

நைட்ரிக் அமிலம் இடப்பக்கத் தொட்டி.
இந்தச் சோதனைக்கு அது ஆகாது, ஒரு துளி ஒட்டியிருந்தாலும்
கணக்கு ஏறிவிடும்.
பதினோரு வருடமாய்க் கை தானாக வலப்பக்கம் போகும்.
போனதா?
செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல்.
"தெரியவில்லை" என்றேன்.
எங்கள் மொழியில் என் பெயருக்குத் தெளிவு என்று பொருள்.

தொழிற்சாலையிலிருந்து ஊல்டிஸ் கூப்பிட்டார்.
நாலாயிரம் புட்டி, லாரி வாசலில் நிற்கிறது,
கழுவினதில்தான் கோளாறாக இருக்கும் என்றார்.
விஸ்மா ஆமென்றும் சொல்லவில்லை
இல்லையென்றும் சொல்லவில்லை.

எட்டு மணிவரை கழுவினேன்.
வலப்பக்கத் தொட்டி, வலப்பக்கத் தொட்டி என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.
ஏழு முறை அலசல். எட்டாவது, மனசுக்காக.
பழி என் மேலேயே விழட்டும் என்று
வாழ்க்கையில் அன்றுதான் வேண்டிக்கொண்டேன்.

காலையில் முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தாள்.
நிறமே இல்லை.
குடுவைகள் சுத்தம்.
பிறகு மசியல்.

இருநூற்றுப் பதினேழு.

"நேற்றும் சுத்தமாகத்தான் கழுவியிருக்கிறாய்" என்றாள் விஸ்மா.
பாராட்டுதான். கேட்டுக்கொண்டு நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே பனி.
அவள் தொலைபேசியை எடுத்தாள்.

மிச்சப் புட்டிகளை வெந்நீரில் ஊறப்போட்டேன்.
ஒரு சீட்டு கழன்று வந்தது,
பல்லில்லாமல் சிரிக்கும் முகம்,
குப்புற மிதந்தது.
விரலால் மல்லாக்கத் திருப்பிவிட்டு
குழாயை மூடினேன்.