நாற்பத்து மூன்று அங்குலம்

போர்வையில் சுற்றி, டாக்ஸியின் பின்னிருக்கையில்
குறுக்காகப் படுக்கவைத்து
நரந்தூல் சந்தையிலிருந்து கொண்டுவந்தான் தாஷ்ன்யாம்.
மூலையில் ஒரு கீறல், அதனால் பாதி விலை.
எங்கள் கூடாரம் வட்டமானது,
தட்டையான எதுவும் சுவரோடு ஒட்டாது.
கடைசியில் மாவு மூட்டைமேல் சாய்த்தோம்.

படம் வந்தபோது நானும் வாய்பிளந்தேன்.
அவன் வரைந்துகொண்டிருந்த
பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின்
பால்கனிக் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக.
பிறகு சுட்டியை நகர்த்தினான்.
கட்டிடம்
நகரவில்லை.
கொஞ்சம் கழித்து, கூப்பிட்டது
இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் திரும்பியது.

அங்குலம் அதிகம், அதுதான் இழுக்கிறது என்றான் இவன்.
நினைவகம் போதாது என்றான் கடைக்காரன்.
எண்பதாயிரம் துக்ரிக், விரல்நீளப் பச்சைப் பட்டை ஒன்று.
செருகிப் பார்த்தோம்.
பசி ஒருவனுக்கு, பந்தி வேறொருவனுக்கு.

ரொட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
திரையின் முதுகில் ஒட்டியிருந்த எண்களை
ரசீதின் முதுகில் பெருக்கினேன்.
பழைய திரைக்கு இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்.
இதற்கு எண்பத்து மூன்று லட்சம்.
ஒவ்வொன்றுக்கும் அதன் நிறத்தைச் சொல்ல வேண்டும்,
சொல்லி முடித்ததும் மறுபடி,
நொடிக்கு அறுபது முறை.
சொல்வது யார்?
ஆறு வருடப் பழைய கிராபிக்ஸ் கார்டு,
காற்றாடியில் நாய்முடியோடு.
ஆள் அதே, கூலி அதே, வேலை மட்டும் நாலு பங்கு.
எங்கள் அடுப்புப் பிரிவில் இப்படிச் செய்தால்
ஸோல்ஸயா கையுறையை வீசிவிட்டுப் போய்விடுவாள்.
கார்டு போகவில்லை. ஊளையிட்டது.

அங்குலத்தின்மேல் பழி போடாதே என்றேன்.
இதே துணியில் பூவைப் பெரிதாகப் போட்டிருந்தால்
தையல் குறைந்திருக்கும்.

புதிய கார்டு என் நான்கு மாதச் சம்பளம்.
அதற்குத் தீனி போட இன்னொரு மின்பெட்டி.
மாலை ஏழு மணிக்கு மலைச்சரிவு முழுக்க ஹீட்டர் போடும்போது
எங்கள் பல்பே கூச்சப்பட்டு மங்குகிறது,
இதில் அது வேறு.

வெள்ளி காலை ஒப்படைக்க வேண்டும்.
வியாழன் இரவு ஒரு மணி இருக்கும்,
சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுத்து
உள்ளங்கையளவுக்குச் சுருக்கினான்.
எண்ணெய் போட்டதுபோல் சுழன்றது கட்டிடம்.
வாசல், மின்தூக்கி, மூன்றாம் மாடித் தாழ்வாரம்,
மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டே போனான்.

மீதித் திரை கறுப்பு.
அதில் அடுப்புக் கதவிடுக்கின் தீ தெரிந்தது,
என் முழங்கால் தெரிந்தது,
கயிற்றில் காயும் காலுறைகள்.
நான் அசைந்தால் அக்கணமே அசைந்தன,
கார்டுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

அந்தப் பச்சைப் பட்டையைத் திருப்பிக் கொடுத்தால்
பாதிப் பணமாவது தருவானா என்று கேட்டேன்.
பேசாதே என்றான்,
மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன்.