சூட்டோடு நிறுத்திக் காட்டுங்கள்

எஞ்சினை இறக்கியதும்
படகு எட்டு விரல் எழும்பிவிட்டது.
ஏழு வருஷமாய் நீருக்குள் கிடந்த பாசி
தேங்காப்பட்டணம் வெயிலில் காய்ந்து உதிர்கிறது.
தடைக்காலம் முடிய இருபத்தொரு நாள்.

படகில் எனக்குக் கால் பங்கு, என் பதினெட்டுப் பவனுக்கு.
மீதி கொழுந்தன் ஹில்லாரிக்கும்
வள்ளவிளை ஆல்பினுக்கும்.
வீட்டுக்காரர் கத்தாரில் ஏசி பழுது பார்க்கிறார்,
அவருக்குக் கடல் சேராது.
நானும் கடலில் போனதில்லை.
டீசல் நோட்டு மட்டும் என் கையில்.
மணிக்குப் பதினாலு லிட்டர் குடித்தது
பதினாறாகி, பத்தொன்பதாகி,
ஆயில் வேறு வாரம் இரண்டு லிட்டர் கூடுதல் என்று
நான் சிவப்பில் எழுதிய மாசம்
‘கொள்ளாம் மைனி, ஓடும்’ என்றார்கள்.
ஓடியது.
சித்திரையில் பொழிமுகத்தில் நின்றது.

பதினோரு நொடி.
எண்ணியது ஆல்பின்.
அலை எழுந்து பாறைச்சுவர் பக்கம் அணியத்தைத் திருப்ப
எஞ்சின் இருமி, இருமி,
பிறகு பிடித்தது.
வீட்டுக்கு வந்தவர்கள்
மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

மார்த்தாண்டத்தில் ஷெட்டுக்குள் மூன்று நின்றன.
ஒன்று டிப்பர் லாரியிலிருந்து இறங்கியது,
மலையைச் சுமந்து சுமந்து தேய்ந்த ஆறு சிலிண்டர்.
புது லைனர், புது நீலப் பெயின்ட்.
நட்டுகள் மேலும் சேர்த்து அடித்திருந்தார்கள்,
இனி யாரும் கழற்றப் போவதில்லை என்பதுபோல.

இரண்டாவது சீனாக்காரன்.
இருநூற்று எண்பது குதிரை.
ஹில்லாரியின் கண் அங்கேயே.
‘முட்டத்துல இதாக்கும் இப்ப எல்லாரும்.
ஒரு மணிக்கூறு முந்தி ஏலத்துக்கு வந்திரலாம்.’
அத்தனை குதிரைக்கும் தீனி யாரு போடுவா என்று
நோட்டை விரித்தேன்.
மணிக்கு நாற்பது, எட்டு நாள், மானியம் போக மீதி...
பென்சில் முனை உடைந்தது.

மூன்றாவது, மூலையில், சின்னது. நூற்று இருபது.
மேலே யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம்.

விற்பவர் ஒவ்வொன்றாய்ச் சாவி திருகினார்.
கரையில் எல்லா எஞ்சினும் யோக்கியன்தான்.
சிமென்ட் தரை. உப்பில்லை, அலையில்லை.
‘அரைமணி ஓடட்டும் சாரே.
பிறகு சூட்டோடு நிறுத்தி
உடனே எடுத்துக் காட்டுங்க’ என்றேன்.
அவர் ஹில்லாரியைப் பார்த்துச் சிரித்தார்.
ஹில்லாரி தரையைப் பார்த்தான்.

டிப்பர் நாலு தரம் சுற்றி, கறுத்துப் புகைந்து,
ஏழாம் நொடியில் எழுந்தது.
சீனாக்காரன் மூன்றில்.
அவன் உதறலில் பக்கத்து மேசை ஸ்பானர்கள்
விளிம்புவரை நடந்து போயின.
சின்னதற்கு
நான் எண்ணவே தொடங்கவில்லை.
ஆல்பின் மட்டும் உதடு அசைய
பதினொன்று வரை எண்ணி முடித்தான்,
ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டு.

‘வலை நிறைஞ்சு எதிர்நீர்ல வரும்போ
இது மூச்சு வாங்கும் மைனி.’
ஹில்லாரி கேட்டது நியாயம்.
என்னிடம் பதில் இல்லை.
கியர் விகிதத்தை மாற்றி
புரொப்பல்லரை ஒரு அங்குலம் கூட்டினால் சரியாகும் என்றார் விற்பவர்,
சத்தியம் பண்ணாமல்.
பழைய துளைகளில் இது உட்காராது.
அயனிக் கட்டையை நாலு அங்குலம் வெட்ட வேண்டும்,
அதற்குத் தச்சன் கூலி தனி.
முன்பணம் எண்ணிக் கொடுத்தோம்.
சூட்டிலும் எடுக்கும் என்று பில்லில் எழுதுங்கள் என்றேன்.
அப்படி ஒரு வரி கம்ப்யூட்டரில் இல்லையாம்.
பின்பக்கம் பேனாவால் எழுதி
கையெழுத்துப் போட்டார்.

பழையது எடைக்குப் போனது,
எழுநூற்று நாற்பது கிலோ.
எடைச்சீட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன்.
சின்னதை வைத்தால் படகு ஐந்து விரல்தான் தாழுமாம்.
மிச்ச மூன்று விரலை என்ன செய்ய என்கிறான் ஹில்லாரி,
இன்னும் கோபம் ஆறாமல்.
ஐஸ் வை என்கிறான் ஆல்பின்.