கொதிகலன்: இல்லை

பகலெல்லாம் மற்றவர்களுடைய கொதிகலன்களுக்குள்
தலையை விட்டுப் பார்ப்பது என் பிழைப்பு.
சலவை ஆலை, பீர் ஆலை, மருத்துவமனையின் நிலவறை.
சுத்தியலால் ஒரு தட்டு.
நல்ல இரும்பு மணிபோலப் பேசும்,
கெட்டது இருமும்.
கெம்னிட்ஸ் நகரில் என் கையெழுத்தில்லாமல்
ஒரு குவளை நீராவி மேலே போகாது.

இரவில் எங்கள் சமையலறை மேசைமேல்
பதினோரு கொதிகலன்கள்.
எதுவும் வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியைவிடப் பெரிதில்லை.
நியூரம்பர்க்கில் பிறந்து நூறு வயது தாண்டியவை,
ஒன்றுக்கும் சான்றிதழ் கிடையாது.
பிடிபட்டால் உன்னை நீயேதான் வேலையைவிட்டுத் தூக்கணும்
என்பாள் ஸீக்ரூன்,
ஸ்பிரிட் விளக்கை என் பக்கம் நகர்த்தியபடி.

பிப்ரவரி. பழைய டிராம் கொட்டகையில் சந்தை.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டிருந்த ஒரு பெண்
வாஃபிள் வார்ப்புக்கும் ஒற்றை ஸ்கேட்டிங் காலணிக்கும் நடுவே
அதை வைத்திருந்தாள்.
செங்கல் வரைந்த தகரப் புகைபோக்கி,
கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட தரை,
ஓரத்தில் சுழல்சக்கரம், பச்சைச் சிலிண்டர்,
ஐந்து படி வைத்த ஏணி.
ஏறினால் காற்று.
கொதிகலன் இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு திருகுத் துளைகளும்
அறுத்த குழாயின் வாயும்.

பாதிதான் இருக்கு, விலையும் பாதி என்றாள்.
பின்னால் நின்ற லோட்டார் நெஸ்ட்லர் சிரித்தான்.
தீயே படாத எந்திரங்களை மட்டும் வாங்குகிறவன் அவன்.
அவன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அவை
விலைச்சீட்டுக் கழற்றாத நீச்சலுடைகள்போல வரிசையாக நிற்கும்.
வயிறில்லாத உடம்பை வாங்கி
எதை ஊற்றப் போகிறாய் என்றான்.
பதில் தோன்றவில்லை. முப்பது யூரோ கொடுத்தேன்.

வீட்டில் கவிழ்த்துப் பார்த்தால்
அடித்தகட்டில் பென்சில் எழுத்து,
கொக்கியும் கோணலுமாய்ப் பழைய பள்ளிக்கூட எழுத்து.
எனக்குப் பிடிபடவில்லை. ஸீக்ரூன்தான்
மூக்கு தகரத்தில் இடிக்க வாசித்தாள்:

மார்ச் 1917. கொதிகலனை ஒப்படைத்தேன்.
தராசில் நானூற்றுப் பத்து கிராம்.
சிலிண்டர் இரும்பு, வேண்டாம் என்றார்கள்.
விசிலைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெயர் இல்லை.
நானூற்றுப் பத்து கிராம் பித்தளையில்
எத்தனை தோட்டாவுக்கு உறை செய்யலாம் என்று
கணக்குப் போட ஆரம்பித்தேன். தொழில் புத்தி.
அவள் கணக்குப் போடவில்லை.
எந்திரத்தைத் தூக்கிக் காதோரம் ஆட்டினாள்.
புகைபோக்கிக்குள் என்னவோ உருண்டது.
பின்னல் ஊசியால் நோண்டினோம்.
முதலில் சாம்பல் நிறக் கம்பளி நூல்,
யாருடைய காலுறையிலிருந்தோ பிரித்தது.
அதன் பின்னால், சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு,
விசில்.

அன்றிரவு
பதினோரு எந்திரங்களில் வலுவானதைப் பற்றவைத்து
அதன் சக்கரத்திலிருந்து இதன் சக்கரத்துக்கு
ஒரு நூல்பட்டை மாட்டினேன்.
முதலில் மறுத்தது. ஒரு துளி எண்ணெய் விட்டேன்.
பிறகு பச்சைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் போனது, வந்தது,
போனது, வந்தது,
இன்னொருவரின் கொதிப்பில்.
அறுந்த குழாயின் வாயில் விரல் வைத்தேன்.
நீராவி இல்லை, சூடும் இல்லை.
வெறும் காற்று,
தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் வருமே, அந்த அளவு.

விசிலை அந்த வாயில் பொருத்திப் பார்த்தோம்.
ஊதவில்லை.
உஸ் என்றது, அவ்வளவுதான்.
அதற்குப் பழக்கம் அப்படி
என்றாள் ஸீக்ரூன்.

காலையில் அலுவலகப் படிவம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து
முதல்முறையாக என் மேசைக்கு நானே சான்றிதழ் எழுதினேன்.
கொதிகலன்: இல்லை.
இயங்கு அழுத்தம்: இல்லை.
வெடிக்கும் அபாயம்: இல்லை.
முத்திரை குத்தி, மடித்து,
தரை ஓடுகளுக்கு அடியில் செருகினேன்.

இதர பித்தளைப் பாகங்கள் என்று
கடைசியில் ஒரு கட்டம் உண்டு.
அதில்
நானும் ஒன்றும் எழுதவில்லை.