ஆழம் பார்ப்பவன்

மர்ஸா பிரேகா.
கடலோரம் பதினேழாம் எண் தொட்டி.
எழுபத்திரண்டு படி ஏறி
மூடியைத் திறக்கிறான் ஷுஐப்.
நாடாவின் நுனியில் பித்தளைக் குண்டு,
குண்டின் மேல் தேன்நிறப் பசை.
எண்ணெயில் அது அப்படியே இருக்கும்,
தண்ணீர் பட்டால் சிவக்கும்.
இறக்குகிறான்.
அடி தட்டும் ஓசை
விரலுக்கு மட்டும் கேட்கும்.

எள்ளின் நெய்தான் எண்ணெய் என்கிறது என் மொழி.
இவன் நெய்யில் எள் இல்லை.
எண் இருக்கிறது.
மீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர்,
பிறகு பீப்பாய்,
பிறகு கப்பல்,
பிறகு இவன் பார்த்தே இராத நகரத்தில்
யாரோ சேர்த்துக்கொள்ளும் பூஜ்யங்கள்.

இந்த மணலில் முதலில் எண்ணப்பட்டவை கூடாரங்கள்.
இத்தாலியர் முள்வேலி போட்டு
பச்சை மலையின் மேய்ப்பர்களைக்
குடும்பம் குடும்பமாக ஓட்டிவந்து அடைத்தார்கள்.
விடிந்ததும் தலை எண்ணினார்கள்.
மாலைக் கணக்கு காலைக் கணக்கோடு
ஒத்துப்போன நாள் இல்லை.

அதன்பின் இரண்டு அந்நியப் படைகள்
இங்கே மோதிவிட்டுப் போயின.
புதைத்த கண்ணிவெடிகளை
யாரும் எண்ணி வைக்கவில்லை.
ஒட்டகங்கள் எண்ணின,
காலால்.

பிறகுதான் குழாய்கள் வந்தன.

அளவுப் படிவத்தின் தலைப்பில்
நாட்டின் பெயர் அச்சாகியிருக்கும்.
கிடங்கு அலமாரியில் எல்லாம் கிடக்கின்றன:
ராஜ்ஜியம் என்று ஒரு கட்டு, பிறையும் கிரீடமுமாக.
குடியரசு என்று ஒரு கட்டு, பருந்தோடு.
அப்புறம் ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஒரு பெயர்.
பாதிப் பக்கத்தை அதுவே தின்றுவிடும்,
அளவு எழுத இடம் போதாது.
தடைக் காலத்தில் காகிதம் வரவில்லை.
"குடியரசின் முதுகில் எழுது"
என்றார் கிடங்குக்காரர் ஹமூதா,
கதவைச் சாத்திவிட்டு.

அந்த நாற்பத்திரண்டு வருஷம்
ஆழம் தெரியாமல் யாரும் காலை விடவில்லை.
வாயையும்.
விளையாட்டரங்கில் ஒரு மாணவனைத் தூக்கிலிட்டதை
தொலைக்காட்சி காட்டிய மாலை
வீடுகளில் சத்தத்தைக் குறைத்தார்கள்.
அணைக்கவில்லை.
அணைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அப்புறம் அந்தப் பிப்ரவரி.
சிறையில் மாண்ட பிள்ளைகளின் எண்ணிக்கை கேட்டு
பெங்காசியில் தாய்மார் நின்ற தெரு
திடீரென்று நாடு முழுக்க நீண்டது.
அலமாரிக் கட்டில் ஷுஐப் பார்த்திருந்த அதே பிறை
கார் ஜன்னல்களில் படபடத்தது.
இரவுப் பணியில் இருந்த அதிய்யா
டொயோட்டாவின் பின்புறம் தாவி ஏறினான்.
"தொட்டியைப் பார்த்துக்கொள், மாமா!"
சிரிப்பில்
நாடாவைத் திருப்பித் தர மறந்து போனான்.

அந்த வசந்தத்தில் பிரேகா எத்தனை முறை கைமாறியது?
காலையில் ஒரு கொடி, அஸருக்குள் இன்னொன்று.
ஷுஐப் ஏறினான், இறக்கினான், எழுதினான்.
தலைப்பை மட்டும் வெறுமையாக விட்டான்.

அஜ்தாபியா மருத்துவமனையில்
முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.
மேலங்கிப் பையில் பதினெட்டு மீட்டர் நாடா
சுற்றியது சுற்றியபடி.
ஹமூதா ரசீது எழுதினார்,
வேறென்ன செய்வதென்று தெரியாமல்தான்.
நாடா ஒன்று, குண்டு ஒன்று, பெறப்பட்டது.
ஷுஐப் கையெழுத்திட்டான்.

இப்போது படிவத்தில் இரண்டு முத்திரை.
திரிப்போலி ஒன்று, கிழக்கு ஒன்று.
துறைமுகம் மூடும், திறக்கும்.
சம்பளம் வரும், வராது.
யாருடைய ஆட்சி என்று கேட்டால்
கிப்லி அடிக்கிறது, மூடியைச் சாத்து என்கிறான்.

அதே நாடாதான்.
மேலே இழுக்கிறான்.
நுனியில் நான்கு விரற்கடை சிவப்பு.
எண்ணெய்க்கு அடியில் எப்போதும்
கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.
கழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.
கழிக்கிறான்.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு
எள்ளும் தண்ணீரும் இறைப்போம்.

குண்டைத் துணியில் துடைத்துக்கொண்டு
பதினெட்டாம் தொட்டிக்கு நடக்கிறான் ஷுஐப்.
துணி சிவந்திருக்கிறது.