எடைமேடை, புளியரை

வைக்கோல் லாரியைத் தட்டியே சொல்லிவிடுவேன்
அடியில் ரேஷன் அரிசி கிடக்கிறதா என்று.
இருபத்திரண்டு வருஷம்
சோதனைச்சாவடிக்குப் பக்கத்து எடைமேடை.
என் குடலுக்குள் ஒன்று
விளக்கணைத்து எல்லை தாண்டியதுதான் தெரியவில்லை.

ஒன்றரைச் சாண் வெட்டி எடுத்தார்கள்.
வயிற்றில் பை.
அதை ஒட்டக் கற்றுத்தந்தது டாக்டர் இல்லை,
கொல்லம் ரயிலில் எதிர் சீட்டு,
ஆரியங்காவு சுபைதா.
"ஓரத்துல பவுடர் இடண்டா சேட்டா, ஒட்டாது"
என்றாள் பெட்டியே கேட்க.
நான் கூசிப்போனேன்.
அவள் முறுக்கைக் கடித்தாள்.

லோடுமேன்கள் சங்கத்து உண்டியலை உடைத்தார்கள்.
எவ்வளவு என்று கேட்டால் இசக்கிப்பாண்டி வைவான்.
கழிப்பறைப் பக்கத்து சீட்டில்
எனக்கு முன்னால் அவன் துண்டு போய் உட்கார்ந்திருக்கும்.

இப்போது புதிதாய் ஒரு ரத்தப் பரிசோதனை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு குழாய்.
கட்டி உதிர்த்த துணுக்கு
ஒன்றிரண்டு மிதந்தாலும் காட்டிவிடுமாம்,
ஸ்கேன் பார்க்கும் முன்பே.
பத்து டன் வைக்கோலில்
ஒரு அரிசி.

நேற்று முடிவு வந்தது: தென்படவில்லை.
இசக்கிப்பாண்டி ஆரஞ்சு மிட்டாய் வாங்கி
வரிசையில் நின்ற லாரிக்கெல்லாம் நீட்டினான்.
நான் வாய் திறக்கவில்லை.
தென்படவில்லை என்று சீல் குத்திய எத்தனை வண்டிகள்
அங்கே போய் மூட்டை இறக்கின என்று
எனக்குத் தெரியும்.

ஆனாலும் மிட்டாயைத் தின்றேன்.
இரண்டு.

அடுத்த குழாய் ஆவணியில்.
சுபைதாவுக்கு முடிவு வருவது வெள்ளிக்கிழமை.
அன்றைக்கு லீவு சொல்லியாயிற்று.
முறுக்கு வாங்க வேண்டும்.