ஆறங்குல வாசல்

அத்திவாரம் கட்டிப் பதினெட்டாம் நாள்
கக்கூசை வீட்டுக்குள் எடுக்கவேணும் என்றேன்.
கோணலிங்கம் மேசன் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.
கழுவின தண்ணியையே பார்த்துக்கொண்டு கேட்டார்:
"பிளான் கீறேக்க சொல்லியிருக்கலாமே ரீச்சர்?"

சொல்லியிருக்கலாம்.
கீறினவர் காணியின் பின்மூலையில்
சின்னச் சதுரம் போட்டு, மலசலகூடம் என்று வடிவாய் எழுதி
வீட்டிலிருந்து முப்பத்திரண்டு அடி என
அம்புக்குறியும் வைத்திருந்தார்.
அந்த முப்பத்திரண்டு அடியை
இரவு இரண்டு மணிக்கு அவர் நடந்ததில்லை.

முகாமில் அது எழுபது அடி.
ஒரு கையில் ரோச், மறு கையில் மகள்,
பற்றைக்குள் யாரோ தீக்குச்சி உரசும் சத்தம்.

மேசனுக்கு இதைச் சொல்லவில்லை.
"மனம் மாறிட்டுது" என்றேன்.

கிண்ணியாவிலிருந்து மஃறூப் வந்தார்.
மோட்டார் சைக்கிளில் நீளத்துக்குக் கட்டின பைப்,
அதன் வாலில் சிவப்புத் துணி.
குந்தியிருந்து மணலைக் கிள்ளிப் பார்த்தார்.
"சாம்பல்தீவு மணல். கிண்டக் கிண்டத் திரும்பி வந்து படுக்கும்.
அத்திவாரத்தோட ஒட்டி நீட்டுக்கு வெட்டினா
வீட்டின்ட காலை நாங்களே வாருற மாதிரி.
நேர் குறுக்கால போவம்.
இண்டைக்கு வெட்டி இண்டைக்கே மூடுவம்."

"என்ர கல்லில ஒருத்தரும் கை வைக்கேலாது" என்றார் மேசன்.
"அப்ப நீங்களே கழட்டுங்க" என்றார் மஃறூப்.

கோணலிங்கம் வேலியடியில் நின்று
ஒரு பீடி முழுக்கக் குடித்தார்.
பிறகு உளியை எடுத்தார்.
ஒரே ஒரு கருங்கல்.
வைத்த கைக்குத் தெரியும்
எது சுமக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று.

ஓட்டைக்கு மேல் யன்னலுக்குப் போல
கம்பி வைத்துக் குட்டி லின்டல்.
இந்த வீட்டுக்குக் கதவு வர இன்னும் நாலு மாதம்;
முதல் வாசல் இதுதான்.

பைப் நாலங்குலம். அதைச் சுற்றிய உறை ஆறங்குலம்.
இடைவெளியைப் பூசி இறுக்கினால் என்ன என்று கேட்டேன்.
"வீடு இறங்கும் ரீச்சர். எல்லா வீடும் கொஞ்சம் இறங்கும்.
இறுக்கினா, இறங்குற வீடு பைப்புக்கு மேல குந்திடும்.
உடையிறது உங்களுக்குத் தெரியாது.
மணலுக்குத் தெரியும், பிறகு சுவருக்குத் தெரியும்."

நல்ல தண்ணி மற்றப் பக்கத்தால், குசினி மூலையால்.
"ரெண்டையும் ஒரே கிடங்கில படுக்க விடப்படாது" என்றார்,
கலியாணத் தரகர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அடிக்குக் கால் அங்குலம் சரிவு.
மட்டத்தின் குமிழி நடுவில் நின்றால் பிழை.

மாலையில் சட்டைக்குப் போடும் நீலத்தை
வாளியில் கரைத்தேன்.
கையாள் பொடியன் சிபான் குழியடியில் குப்புறப் படுத்தான்.
நான் ஊற்ற, மேசன் எண்ணினார்.
ஏழு, எட்டு,
ஒன்பதும் போய் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்க,
"வருது! நீலமா வருது!"

கோணலிங்கம் கொப்பியை விரித்து எழுதினார்:
ஒரு கல் கழற்றியது, அரைநாள்.
காசை வாங்கினார். கல்லை எடுக்கவில்லை.
அது முற்றத்தில் கிடக்கிறது, மகள் அதில் செருப்பு வைக்கிறாள்.

குடிவந்த மூன்றாம் இரவு அவள் எழும்பினாள்.
தலையணைக்குக் கீழே ரோச்சைத் துழாவினாள்.
வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுக்க முதல்
ஆறே எட்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எனக்குக் கீழே,
கல்லிருந்த இடத்தால்,
வீட்டைத் தொடாமல் தண்ணி போனது.