ஏழாம் மாடி, மூன்றாவது நாற்காலி

ஆகஸ்டிலிருந்து ஆடுகிறது
டயாலிசிஸ் பிரிவின் மூன்றாவது நாற்காலி.

நாற்காலி மருத்துவமனையுடையது.
அது நிற்கும் தரை பல்கலைக்கழகத்துடையது.
அதில் அமர்பவரின் சிறுநீரகமோ
மருத்துவர் குழுமத்தின் கணக்கில்.
மூன்று இடத்துக்கும் எழுதினேன்.
மூன்று பதிலிலும் ஒரே வரி:
உரிய துறையை அணுகவும்.

ஈரி ஏரியிலிருந்து பனி வந்து
கார்களையெல்லாம் மூடிய காலையில்
புதிய டீன் ப்ரூயிட் சீரமைப்பை அறிவித்தார்.
திரை நிறைய அம்புக்குறிகள்.
இனி ஒரே குடை, என்றார்.
காம்பை யார் பிடிப்பது என்று
பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.
ஆராய்ச்சிக்காரர்கள் ஆய்வக நேரம் கேட்டார்கள்.
அறுவை சிகிச்சைத் தலைவர் கைபேசியைப் பார்த்தார்.
நான் நாற்காலியைக் கேட்டேன்.
குறித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான்,
பேனாவில் மைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை திருமதி ஷிமான்ஸ்கி வந்தபோது
டெக்னீஷியன் கெண்ட்ரிக் முழங்காலிட்டு
வழவழத் தாளில் அச்சிட்ட புதிய நிர்வாக வரைபடத்தை
எட்டாய் மடித்து
குட்டைக் காலுக்கடியில் செருகினார்.

நான்கு மணி நேரம்.
ஆடவில்லை.
"கடைசியில் யார்தான் சரிசெய்தது?"
கண் திறக்காமலே கேட்டார் அவர்.

படிவத்தில் அந்தக் கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை நான்.